ஜேம்ஸ் ஆண்டர்சன் (தாவரவியலாளர்)

ஜேம்ஸ் ஆண்டர்சன் (1738 – ஆகஸ்ட் 1809) ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் தலைமை மருத்துவராகப் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டவர் ஆவார். நுங்கம்பாக்கத்தில் தம் சொந்தத் தோட்டத்தையும், சென்னைக் கோட்டைக்குத் தெற்கே சைதாப்பேட்டையில் கம்பெனி அரசின் கள்ளித் தோட்டத்தையும் உருவாக்கியவர். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்த்துவிட வேண்டும் என்று இவர் எடுத்த முயற்சி தோல்வியில் முடிந்தது. எனினும் அம்முயற்சியின் வழியாகவே சென்னையின் தென்புறம் அந்நாளைய உலகத் தாவரவியல் பரிமாற்றத்தில் இடம் பெற்றது. சைதாப்பேட்டைத் தோட்டத்தை நிருவகித்தவர் இவருடைய மருமகனான (உடன்பிறந்தாள் மகன்) மருத்துவர் ஆண்ட்ரூ பெரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் முகில் தவழும் காடுகளில் மட்டும் வளரும் வரைக்கமுகு என்னும் அரிய பனையினத்திற்கு அறிவியல் பெயர் சூட்டியவரும் இந்தப் பெரியே.

அதே பெயரும் அதே காலமும் கொண்ட ஸ்காட்லாந்து வேளாண்மை, பொருளியல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் (1739 – 1808) வேறொருவர். அவர் எடின்பரோவில் நடத்திய 'தி பீ' என்னும் இதழில் சென்னை ஆண்டர்சனின் கடிதங்களும் இடம் பெற்றமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் குழப்பம் சில நூல்களில் காணப்படுகிறது.

மருத்துவப் பணி

எடின்பரோ நகருக்கு அருகில் பிறந்த ஆண்டர்சன் மருத்துவம் கற்றுக் கப்பல் மருத்துவராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கினார். 1765 ஆம் ஆண்டில் சென்னையில் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அதன் பின்னர் இறுதி வரை சென்னையே இவரது ஊராயிற்று. படிப்படியாக உயர்ந்து தலைமை அறுவை மருத்துவர் ஆனார். 1786 ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவமனை வாரியம் அமைக்கப்பட்டபோது தலைமை மருத்துவர் என்னும் பதவியுடன் அதில் இடம் பெற்றார்.

அக்காலத்தில் மருத்துவமும் தாவரவியலும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்திருக்கவில்லை. மருந்துகளில் பெரும்பகுதி செடிகொடிகளிலிருந்து கிடைத்ததால் மருத்துவர் ஒவ்வொருவரும் ஓரளவு தாவரவியலும் கற்றிருந்தனர். லின்னேயசின் மாணவரும் 1768 இல் தரங்கம்பாடிக்கு வந்தவருமான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1776 இல் சென்னைக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பரோ, பேட்ரிக் ரஸ்ஸல் ஆகிய மூவருமே மருத்துவர்கள்தாம். ஆண்டர்சன் இவர்களுடன் ஒப்பிடத்தக்க வகைப்பாட்டியல் அறிஞர் அல்லர். புதிய இனங்களை விவரிப்பதைவிட, பயன்தரும் செடி ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குக் கொண்டு சென்று வேரூன்றச் செய்வதிலேயே இவருடைய ஆர்வம் இருந்தது. இவரைத் தாவரவியலாளர் என்பதைவிடத் தோட்ட வேளாண்மையாளர் என்பதே பொருந்தும்.

1802 ஆம் ஆண்டில் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மைக்குத் தடுப்பு அளிக்கும் முறை பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தபோது, முதிய வயதிலும் ஆண்டர்சன் அதனை வரவேற்று ஆதரித்தார்.

நுங்கம்பாக்கம் தோட்டம்

கம்பெனி அரசு இவருக்கு நுங்கம்பாக்கத்தில் நூறு ஏக்கருக்கும் கூடுதலான தரிசு நிலத்தை அளித்தது. இன்று கல்லூரிகளும் அலுவலகங்களும் நெருங்கி நிற்கும் அப்பகுதி அப்போது ஊருக்குப் புறத்தே இருந்தது. அங்கு இவர் முசுக்கட்டை, கரும்பு, காப்பி, பருத்தி முதலியவற்றையும் ஐரோப்பியப் பழமரங்களையும் வளர்த்துப் பார்த்தார். மொரிசியஸ் தீவிலிருந்து வந்த பருத்தி விதைகளை மாகாணத்தின் பிற பகுதிகளுக்கும் அனுப்பினார். விதையை அனுப்பிய பின் அது முளைத்ததா, காய்த்ததா என்று கடிதம் எழுதிக் கேட்பது இவர் வழக்கம். அக்கடிதங்களைத் திரட்டிச் சென்னையிலேயே அச்சிட்டுப் பலருக்கும் வழங்கினார். 1780களிலும் 1790களிலும் இவ்வாறு வெளிவந்த சிறு நூல்கள் சென்னையில் அச்சான தொடக்ககால ஆங்கில நூல்களுள் அடங்கும்.

சிவப்புச் சாயமும் எசுப்பானிய ஏகபோகமும்

ஆண்டர்சனின் பெருமுயற்சியை விளங்கிக்கொள்ளக் கொச்சினீல் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இது மெக்சிகோவில் நோபால் என்னும் கள்ளியின் மீது ஒட்டி வாழும் ஒரு செதில் பூச்சி. பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. வெண்மையான மெழுகுப் பொடியால் உடலை மூடிக்கொண்டு, கள்ளியின் சாற்றை உறிஞ்சியபடி ஒரே இடத்தில் வாழ்ந்து முடிக்கும். அதன் உடலில் உள்ள கார்மினிக் அமிலமே சிவப்பு நிறத்திற்குக் காரணம். பூச்சியைத் திரட்டி உலர்த்திப் பொடித்தால் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு சாயச் சரக்கிற்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் தேவை. மழைக்காலத்தில் நம் ஊர்ப் புல்வெளிகளில் காணப்படும் செவ்வண்ணத் தம்பலப்பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது சிலந்திப் பேன் வகையைச் சார்ந்தது.

ஐரோப்பாவில் கம்பளி, பட்டு ஆகியவற்றுக்கு ஒளிரும் சிவப்பு ஏற்றுவதற்குக் கொச்சினீலை மிஞ்சிய பொருள் அப்போது இல்லை. வணிகம் முழுவதும் எசுப்பானியர் கையில் இருந்தது. உயிருள்ள பூச்சியை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்ல அவர்கள் அனுமதிக்கவில்லை. 1777 ஆம் ஆண்டில் தியரி தெ மெனோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் ஓக்சாகாவுக்கு மறைவாகச் சென்று, பூச்சிகளைக் கள்ளிக் கன்றுகளுடன் பிரெஞ்சுக் குடியேற்றமான சென் டொமிங்குவுக்குக் கடத்தினார். ஆங்கிலேயரும் அத்தகைய வாய்ப்பொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர்.

சோழமண்டலக் கரைக்குச் சிவப்பு புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாயவேர் எனப்படும் இம்பூறல் செடியின் வேரைக் கொண்டு இப்பகுதிச் சாயக்காரர்கள் பருத்தித் துணிக்கு ஏற்றிய சிவப்பு, பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து விலைபோனது. ஆனால் அது பருத்திக்கு உரிய சாயம். கம்பெனிக்குத் தேவைப்பட்டதோ இங்கிலாந்தின் கம்பளி ஆலைகளுக்குரிய சாயம்.

1786 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

1786 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னையில் ஒரு புல்லின் மீது செதில் பூச்சிகள் ஒட்டியிருப்பதை ஆண்டர்சன் கண்டார். நசுக்கியபோது சிவந்த சாறு வெளிப்பட்டது. இதுவே கொச்சினீல் அல்லது அதற்கு இணையான இனம் என்று முடிவு செய்து, இலண்டன் அரச கழகத்தின் தலைவரான ஜோசப் பேங்க்சுக்கு உடனே எழுதினார். அடுத்தடுத்துப் பல கடிதங்களும் மாதிரிகளும் சென்றன. கடிதங்களைச் சென்னையில் அச்சிட்டும் வெளியிட்டார்.

இம்முடிவு அவசரமானது. கொச்சினீல் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகள் கள்ளியை அன்றி வேறெதையும் உண்பதில்லை. புல்லின் மீது வாழும் செதில் பூச்சி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. செதில் பூச்சிகள் பலவற்றை நசுக்கினால் சிவப்போ பழுப்போ ஆன சாறு வரும். சாறு சிவப்பாக இருப்பது வேறு, அது துணியில் நிலைத்து நிற்பது வேறு. இலண்டனில் சாயக்காரர்கள் சோதித்துப் பார்த்து, சென்னைப் பூச்சி பயனற்றது என்றே கூறினர்.

ஆனால் முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை. தவறான பூச்சியைப் பற்றிய கடிதங்கள் சரியான ஒரு வினாவை எழுப்பிவிட்டிருந்தன. உண்மையான கொச்சினீலை அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன? பேங்க்ஸ் இக்கருத்தை ஏற்றார். பூச்சி வருவதற்கு முன் அதற்கு உணவு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதால், 1788 ஆம் ஆண்டில் கியூ அரச தோட்டத்திலிருந்து நோபால் கள்ளிக் கன்றுகள் சென்னைக்குக் கப்பலேறின. உயிருள்ள கொச்சினீலை இந்தியாவுக்குக் கொண்டுவருபவருக்குப் பெருந்தொகை பரிசளிப்பதாகக் கம்பெனியும் அறிவித்தது.

சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

கியூவிலிருந்து வந்த கன்றுகளைப் பெருக்குவதற்காக 1789 ஆம் ஆண்டளவில் சைதாப்பேட்டையில் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. நோபால் தோட்டம் என்று கம்பெனி ஆவணங்களில் அழைக்கப்படுவது இதுவே. இவ்விடம் அக்காலத்தில் ஆங்கிலேயரிடையே மார்மலாங் என்று வழங்கியது. மாம்பலம் என்னும் பெயரின் திரிபு அது. 1726 ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர் தம் செலவில் அடையாற்றின் குறுக்கே கட்டிய மார்மலாங் பாலம் இங்குதான் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் சின்னமலை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி. கோட்டையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஆற்று நீரும் திறந்த நிலமும் ஒருங்கே கிடைத்த இடம் இது.

தோட்டத்தின் பொறுப்பை ஆண்ட்ரூ பெரி ஏற்றார். நோபால் கள்ளியை வளர்ப்பது கடினமன்று. தண்டின் ஒரு மடலைக் கிள்ளி நட்டால் அது வேர்விடும். சில ஆண்டுகளிலேயே கள்ளி பெருகி, பிற மாவட்டங்களுக்கு அனுப்பும் அளவிற்கு வளர்ந்தது. கள்ளி ஆயத்தமாக இருந்தது, பூச்சிதான் வரவில்லை.

காத்திருந்த ஆண்டுகளில் ஆண்டர்சன் அக்கள்ளிக்கு வேறொரு பயனைக் கண்டார். பறித்த மடல்கள் பல வாரங்கள் வாடாமல் பசுமையாக இருந்தன. நெடுங்கடற் பயணங்களில் புதிய காய்கறி கிடைக்காமையால் மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்து பலர் இறந்துகொண்டிருந்த காலம் அது. உயிர்ச்சத்து சி பற்றிய அறிவு அப்போது இல்லை. பசுங்காயும் புளிப்புக் கனியும் நோயைத் தடுக்கும் என்பது மட்டும் பட்டறிவால் தெரிந்திருந்தது. நோபால் மடலைக் கப்பலில் ஏற்றிச் சென்று காயாகச் சமைத்து உண்ணலாம் என்று ஆண்டர்சன் வலியுறுத்தினார். கடற்படைக் கப்பல்கள் சிலவும் அதனை ஏற்றிச் சென்றன. மெக்சிகோ மக்கள் இன்றும் நோபாலைக் காய்கறியாகவே உண்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. சாயத்திற்காக வந்த செடியின் வழியே ஒரு மருத்துவர் தம் சொந்தத் தொழிலுக்குரிய கேள்விக்குத் திரும்பிய இந்தப் பகுதியே ஆண்டர்சனின் முயற்சிகளில் மிகவும் மதிக்கத்தக்கது எனலாம்.

1795: பூச்சி வருகிறது

1795 ஆம் ஆண்டில் நீல்சன் என்னும் படைத்தலைவர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் இறங்கினார். முன்னர் சென்னையில் இருந்தபோது ஆண்டர்சனின் தோட்டத்தைப் பற்றி அறிந்திருந்தவர் அவர். ரியோவின் புறத்தே கள்ளிகளில் கொச்சினீல் இருப்பதைக் கண்டு, பூச்சி ஒட்டிய கள்ளிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். பயணத்தில் பெரும்பாலானவை மடிந்தும், சில பூச்சிகள் உயிருடன் கல்கத்தாவை அடைந்தன. அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் ராக்ஸ்பரோ. அவரிடம் பெருகிய பூச்சிகள் அங்கிருந்து சென்னைக்கும் அனுப்பப்பட்டன.

ஆறு ஆண்டுகள் காத்திருந்த தோட்டத்தில் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. வந்த பூச்சி சைதாப்பேட்டையின் நோபால் கள்ளியை ஏற்கவில்லை. இந்தியாவில் ஏற்கெனவே வேலிகளில் பரவியிருந்த ஒரு காட்டுக் கள்ளியையே அது விரும்பி உண்டது. காரணம் இன்று தெளிவாகத் தெரியும். நீல்சன் கொண்டுவந்தது மெக்சிகோவில் வளர்க்கப்பட்ட டாக்டிலோப்பியஸ் காக்கஸ் அன்று. தென்னமெரிக்கக் காட்டினமான டாக்டிலோப்பியஸ் செய்லானிக்கஸ் அது. (பிற்காலத்தில் இலங்கையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பெயரிடப்பட்டதால், பிரேசில் பூச்சிக்குச் சிலோனின் பெயர் வாய்த்தது.) அது உண்ணும் ஒப்பன்சியா மொனகாந்தா என்னும் கள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்தே இந்தியாவுக்கு முன்னர் வந்து சேர்ந்தது. உலகின் மறுகோடியில் பூச்சியும் அதன் பழைய உணவும் மீண்டும் சந்தித்துக்கொண்டன. அரும்பாடுபட்டு வளர்த்த மெக்சிகோ கள்ளி இதில் தேவைப்படவே இல்லை.

காட்டினப் பூச்சி சிறியது. மெழுகு மிகுதி, சாயம் குறைவு. அதிலிருந்து கிடைத்த சரக்கு இலண்டனில் மெக்சிகோ சரக்குடன் போட்டியிட இயலவில்லை. பூச்சியோ வேலிக் கள்ளிகளில் வேகமாகப் பெருகி அவற்றை அழித்தது. கள்ளி வேலியால் வயலையும் தோட்டத்தையும் காத்துவந்த உழவர்களுக்கு இது இழப்பே. கள்ளி குறையவே பூச்சியும் குறைந்தது.

1800 ஆம் ஆண்டில் கம்பெனி சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டது. அங்கிருந்த செடிகள் பெங்களூர் லால்பாக் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு திப்பு சுல்தானின் வீழ்ச்சியால் கம்பெனியின் கைக்கு வந்திருந்த லால்பாக், தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைனின் பொறுப்பில் இருந்தது.

சாயத் தொழிலாகத் தோற்ற இம்முயற்சி பின்னர் வேறொரு துறையில் முன்னோடியாகக் கருதப்படலாயிற்று. ஒரு களைச்செடியை அதன் இயற்கைப் பகையான பூச்சியைக் கொண்டே அழிக்கலாம் என்னும் உயிரியல் கட்டுப்பாட்டு முறைக்கு, 1795 இல் வந்த இப்பூச்சி உலகின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. 1836 – 1838 காலத்தில் தென்னிந்தியாவிலும், 1860களில் இலங்கையிலும் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அது பரப்பப்பட்டது. இன்னொரு கள்ளியினமான சப்பாத்திக்கள்ளி தமிழ்நாட்டு மேய்ச்சல் நிலங்களை மூடியபோது, 1926 ஆம் ஆண்டில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சி இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்டு அதனைக் கட்டுப்படுத்தியது.

பிற முயற்சிகள்

கொச்சினீலுக்கு அடுத்து ஆண்டர்சன் மிகுதியாக உழைத்தது பட்டுக்காகவே. வங்காளத்திலிருந்து பட்டுப்புழு முட்டைகளை வரவழைத்தார். முசுக்கட்டைக் கன்றுகளைச் சோழமண்டலக் கரையெங்கும் பகிர்ந்தளித்தார். இதுபற்றிய கடிதத் தொகுப்புகள் 1790களின் தொடக்கத்தில் வெளிவந்தன. கடற்கரைச் சமவெளியில் பட்டுத்தொழில் நிலைக்கவில்லை.

சென்னைப் பகுதிச் செடிகளில் ஒட்டியிருந்த மெழுகு போன்ற பூச்சிப் பொருளைத் திரட்டி அதற்கு வெள்ளரக்கு என்று பெயரிட்டார். சீனத்து மெழுகைப் போல் மெழுகுவத்திக்கு உதவுமா என்று அறிய அனுப்பப்பட்ட மாதிரிகளை இலண்டனில் ஜார்ஜ் பியர்சன் வேதியியல் முறையில் ஆராய்ந்து, 1794 ஆம் ஆண்டில் அரச கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்.

1805 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று அறிவியல் நோக்கில் இவற்றைவிட முதன்மையானது. வயிற்று நோய்களுக்குப் பயன்பட்ட கொலம்பா வேர் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தும், அவ்வேரைத் தரும் கொடி எது என்பது ஐரோப்பியருக்குத் தெரியாமல் இருந்தது. கொழும்பிலிருந்து வருவதாகப் பலர் எண்ணினர். உண்மையில் அது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரையைச் சேர்ந்தது. அங்கிருந்து போர்டின் என்னும் பிரெஞ்சு வணிகர் சென்னைக்குக் கொண்டுவந்த உயிருள்ள கிழங்கு ஒன்றை ஆண்டர்சன் நட்டு வளர்த்தார். அதில் ஆண் பூக்கள் மலர்ந்தன. பெரி அதனைப் படத்துடன் விவரித்து, கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் 1808 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

மறைவும் நினைவுகளும்

ஆண்டர்சன் 1809 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னையில் காலமானார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இந்நகரில் வாழ்ந்தவர் அவர். சென்னை மருத்துவத் துறையினர் பொருள் திரட்டி, புகழ்பெற்ற சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரியைக் கொண்டு வடித்த இவரது சிலை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உள்ளது. நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை இவர் பெயரால் வழங்குகிறது. சைதாப்பேட்டைத் தோட்டத்தை நினைவூட்டும் பெயர் எதுவும் அப்பகுதியில் வழக்கில் இல்லை.

ஆனால் செடிகளைக் கொண்டு சோதனை செய்யும் வழக்கம் சென்னையின் தென்புறத்தை விட்டு நீங்கவில்லை. 1865 ஆம் ஆண்டில் ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் சைதாப்பேட்டையில் அரசு வேளாண் சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. அதையொட்டி எழுந்த வேளாண்மைக் கல்லூரி 1906 ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. பின்னர் 1937 ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தபோது, அதன் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் (1892 – 1941) தம் மனைவி ஆலிஸ் உடன் சேர்ந்து வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். வேதியியல் கற்பித்தபடியே தென்னிந்திய மலைகளின் காசித்தும்பை இனங்களையும் பாம்புச்சோள வகைகளையும் ஆராய்ந்து புதிய இனங்களை விவரித்தவர் அவர். சமவெளியின் புறநகரில் தோட்டம், ஆய்வுக்கு மலைக்காடு என்னும் இந்த அமைப்பு பெரியிடமும் காணப்பட்டது.

வரைக்கமுகு

தோட்டம் மூடப்பட்ட பின்னரும் பெரி சென்னையிலேயே மருத்துவப் பணியில் தொடர்ந்தார். 1803 முதல் 1807 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் வில்லியம் பென்டிங்க் பிரபு. தெற்கு மலைகளிலிருந்து அறியப்பட்ட ஒரு மெல்லிய பனையைப் புதிய பேரினமாகக் கருதிய பெரி, ஆளுநரின் பெயரால் அதற்குப் பென்டிங்கியா என்று பெயரிட்டார். இனப்பெயராகக் கொண்டபன்னா என்பதை வைத்தார். மலைநாட்டில் வழங்கிய பெயரை அவ்வாறே இலத்தீன் வடிவமாக்கியதால், பனை என்னும் நம் சொல் உலகத் தாவரவியல் பெயர்ப்பட்டியலில் இடம் பெற்றுள்ளது.

பெரி இப்பெயரைத் தாமே அச்சில் வெளியிடவில்லை. ராக்ஸ்பரோ தம் 'ஃபுளோரா இண்டிகா' நூலின் கையெழுத்துப் படியில் அதனைச் சேர்த்துக்கொண்டார். 1815 இல் ராக்ஸ்பரோ மறைந்தார். நூல் முழுமையாகச் செராம்பூரில் வில்லியம் கேரியின் பொறுப்பில் அச்சேறியது 1832 ஆம் ஆண்டில்தான். பெயருக்குப் பின் தாவரவியலாளர் குறியீடாகப் பெரி, ராக்ஸ்பரோ இருவர் பெயரும் சேர்த்து எழுதப்படுவதற்கு இதுவே காரணம். பெயர் சூட்டியவர் முன்னவர், வெளியிட்டவர் பின்னவர் என்பது இதன் பொருள். இடைப்பட்ட காலத்தில் பென்டிங்கின் நிலை இருமுறை மாறிவிட்டது. 1806 ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சியை அடுத்துச் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட அவர், பெயர் அச்சேறிய ஆண்டில் வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்தார்.

இப்பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் உரியது. கொண்டபன்னா இனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டும் உரியது. அகத்தியமலை (பொதிகை) சூழ்ந்த திருநெல்வேலி, கன்னியாகுமரி மலைகளிலும், அடுத்துள்ள கேரள மலைகளிலும் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்திற்கு மேல் வளர்கிறது. இரு பருவமழைகளும் பெறும் இம்மலைகளின் உச்சிகளில் ஆண்டின் பெரும்பகுதி முகில் படிந்திருக்கும். தாமிரபரணி பிறப்பதும் இங்கேதான். மலைவாழ் மக்கள் இப்பனையை வரைக்கமுகு என்கின்றனர். வரை என்பது மலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தோற்றத்தில் பாக்கு மரத்தை ஒத்திருப்பதால் கமுகு.

கிளையற்ற ஒற்றைத் தண்டு, வளைய வடுக்கள், உச்சியில் இலையடிகள் சேர்ந்து உருவாகும் பசுந்தண்டு, இறகு வடிவ ஓலைகள் ஆகியவை கமுகைப் போன்றே இருக்கும். தண்டு மெலிந்தது; பத்து மீட்டர் வரை உயரும். பூங்கொத்து ஓலைகளுக்குக் கீழே தண்டிலிருந்து வெளிப்படுகிறது. பூக்கள் கொத்தின் காம்புகளில் சிறு குழிகளுக்குள் பதிந்திருப்பது இப்பேரினத்தின் அடையாளம். பழம் சிறியது, உருண்டையானது, கருஞ்சிவப்பு நிறத்தது. உள்ளே ஒரே விதை.

பனைக் குடும்பத்தின் ஒற்றைத் தண்டு மரங்களுக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றுதான். அந்தக் குருத்து போனால் மரம் மீண்டும் துளிர்ப்பதில்லை. வரைக்கமுகின் குருத்து மென்மையானது, உண்ணத்தக்கது. யானைகள் அதனை மிகவும் விரும்பி மரத்தைச் சாய்த்து உண்கின்றன, மக்களும் உண்பதுண்டு. ஆகவே யானை செல்லக்கூடிய சரிவுகளில் இம்மரம் அரிதாகவே முதிர்ச்சி பெறுகிறது. மலைக்காடுகள் தேயிலை, ஏலத் தோட்டங்களாக மாறியதும் இதன் பரப்பைக் குறுக்கியது. 1998 ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் 1988 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உயர்ந்த பகுதிகள் இதன் முதன்மையான வாழிடமாகும். குளிர்ச்சியும் இடையறா ஈரமும் வேண்டுவதால் சென்னை போன்ற சமவெளித் தோட்டங்களில் இதனை வளர்ப்பது கடினம். மலைகளில் இன்று முதிர்ந்த மரங்கள் மிகுதியாகக் காணப்படுவது யானையின் கால் எட்டாத செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளில்தான்.